45,000 கொடுத்தேன், மைனஸ் 20,536 வந்தது

கரூரில் ஹோம் டெக்ஸ்டைல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 28. பி.காம்., பள்ளி முழுக்கத் தமிழ் வழி. ஆறு வருடமாக டாலி, எக்ஸெல், ஜிஎஸ்டி ரிட்டர்ன். நான்கு வயதில் ஒரு மகன். கணவர் விசைத்தறி வைத்திருக்கிறார். ஆர்டர் குறைந்து வருகிறது. ப்ரோகிராமிங் கற்றுக்கொண்டு ஐ.டி. பக்கம் போய்விடலாம் என்று தோன்றி, ஆளாளுக்கு யோசனை கேட்டிருக்கிறார். பெங்களூரில் இருக்கும் அத்தை மகன், "சி-தான் அஸ்திவாரம், அது தெரியாமல் எதைக் கற்றாலும் நிற்காது" என்கிறார். இன்ஜினியரிங் படிக்கும் தம்பி, "கம்பெனியில் ஜாவாதான் கேட்கிறார்கள் அக்கா" என்கிறான். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வரும் பையன் பைத்தான் என்கிறான். பயிற்சி நிலையம் ஒன்று ஆறு மாத 'ஃபுல் ஸ்டேக்' (இணையதளத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எழுதுவது) படிப்புக்கு 60,000 ரூபாய் கேட்கிறது. நூறு சதவீத வேலை உறுதியாம், பணத்தைத் தவணையிலும் கட்டலாமாம். ஆனால் வகுப்பு பகலில். வேலையை விட்டாக வேண்டும்.

அத்தை மகன் சொன்னபடி யூடியூப் பார்த்து மூன்று வாரம் சி படித்திருக்கிறார். "நீலத் திரையில் சம்பளம் 45,000 என்று எழுதி ஓட்டினேன். மைனஸ் 20,536 என்று வந்தது. நாலு முறை சரிபார்த்தேன். என் மூளை இவ்வளவுதான் போல என்று மூடி வைத்துவிட்டேன்" என்று எழுதுகிறார். கடைசியில் மூன்று கேள்விகள். எந்த மொழியில் தொடங்குவது? தப்பான மொழியில் தொடங்கினால் காலம் வீண்தானே? ஏஐயே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறது என்கிறார்களே, இனிமேல் கற்பதில் அர்த்தம் உண்டா?

அன்புள்ள சகோதரிக்கு,

எந்த மொழி என்பதற்கு முன்னால் அந்த மைனஸ் 20,536-ஐ முடித்துவிடுவோம். உங்களை உண்மையில் உறுத்திக்கொண்டிருப்பது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது.

நீங்கள் வீடியோவில் பார்த்துப் போட்டுக்கொண்டது டர்போ சி. போர்லாண்ட் என்ற நிறுவனம், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்தில் வெளியிட்டது. இன்றைய விண்டோஸில் அது நேராக ஓடாது; டாஸ்பாக்ஸ் என்று ஒன்றைப் போட்டு, அதற்குள் பழைய டாஸ் இருப்பதுபோல நடித்துக் காட்டித்தான் ஓட்டுகிறார்கள். நம் ஊர்க் கல்லூரி லேப்களில் பலவற்றில் இன்னமும் அந்த நீலத் திரைதான். அதில் சாதாரண முழு எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். மைனஸ் 32,768-லிருந்து 32,767 வரைக்கும்தான் அதில் கொள்ளும். அதைத் தாண்டினால் பழைய பைக்கில் கிலோமீட்டர் மீட்டர் 99,999 முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்புகிற மாதிரி, எண் மறுபக்கம் சுற்றி வந்துவிடும். 16 பிட்டில் அடங்கும் எண்கள் மொத்தம் 65,536. கால்குலேட்டரை எடுத்து 45,000-லிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். மைனஸ் 20,536. இயந்திரம் தன் கணக்கில் சரியாகத்தான் போட்டிருக்கிறது. நீங்களும் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பெட்டியின் அளவை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதே வரியை இன்றைய சி கம்பைலரில் ஓட்டினால் 45,000 என்றே வரும்.

சும்மா ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. விடையைப் பார்த்ததும் தப்பு என்று உங்களுக்குத் தெரிந்தது; நாலு முறை சரிபார்த்தீர்கள். முதல் மாதத்தில் வந்த விடையை அப்படியே நம்பிவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடம் டிரயல் பேலன்ஸ் பார்த்த கண் உங்களுக்கு இருக்கிறது.

அடுத்து, தப்பான மொழியில் தொடங்கினால் காலம் வீண் என்ற பயம். 1994-இல் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில் நான் முதலில் கற்றது ஃபாக்ஸ்ப்ரோ. நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். அரிசி மண்டி முதல் பஸ் கம்பெனி வரை கணக்கு மென்பொருளை அப்போது ஃபாக்ஸ்ப்ரோவில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். காலம் முழுக்கச் சோறு போடும் என்றார்கள். மைக்ரோசாஃப்ட் 2004-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பே விடவில்லை, 2015 ஜனவரியில் ஆதரவையும் நிறுத்திவிட்டது. மொழி போனது, ஒரு பட்டியலை வரிசை வரிசையாக எப்படி நடந்து போவது, நிபந்தனை வைத்து எப்படிப் பிரிப்பது, ஒரே வேலையைத் திரும்ப எழுதாமல் தனியாக எடுத்து வைப்பது எப்படி என்று அதில் படிந்தது போகவில்லை. இரண்டாவது மொழியைக் கற்க முதல் மொழிக்கு ஆன நேரத்தில் கால் பங்குகூட எனக்கு ஆகவில்லை. ஆகவே இந்தத் தேர்வு கல்யாணம் மாதிரி இல்லை. சைக்கிள் பழக எந்த சைக்கிளை இரவல் வாங்கினோம் என்கிற மாதிரிதான். கால் எட்ட வேண்டும், அது ஒன்றுதான் முக்கியம்.

மூன்று பேரும் அவரவர் இடத்தில் நின்று சொல்கிறார்கள்

உங்கள் அத்தை மகனை நான் குறை சொல்ல மாட்டேன். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி சி. யுனிக்ஸ் இயங்குதளம் பிறகு அதில்தான் மாற்றி எழுதப்பட்டது. நினைவகத்தில் எந்த அறையில் எது இருக்கிறது என்பது வரை எழுதுகிறவர் கையில் விடும் மொழி. இயங்குதளம், கார் எலக்ட்ரானிக்ஸ், சின்னச் சின்ன சிப்புகள் என்று அதற்கான இடத்தில் அதற்கு மாற்று குறைவு. ஆனால் அவர் அதைக் கற்றபோது நாலு வருடம் கையில் இருந்தது, லேப் இருந்தது, பக்கத்து பெஞ்சில் கேட்க ஆள் இருந்தது. இரவு ஒன்பதரைக்கு மகன் தூங்கிய பிறகு தனியாக உட்காருகிற உங்களிடம் இதில் எதுவும் இல்லை.

'அஸ்திவாரம்' என்கிற சொல்லைத்தான் நான் ஏற்பதில்லை. சி பிறப்பதற்கு முன்பே, 1964-இல், அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் கலைப்பிரிவு மாணவர்களுக்காகவே பேசிக் என்ற மொழியை உருவாக்கினார்கள். எம்ஐடியில் கால் நூற்றாண்டுக்கு மேல் முதல் பாடம் ஸ்கீம் என்ற மொழியில் நடந்தது, பிறகு பைத்தானுக்கு மாறியது. நம் தமிழ்நாட்டுப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். வழி ஒன்றுதான் என்றால் இத்தனை வாசல்கள் இருக்காது.

தம்பி சொல்வதும் அவன் அளவில் உண்மை. 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா, வங்கி, காப்பீடு போன்ற பெரிய நிறுவனங்களின் மென்பொருளில் ஆழமாக வேர் விட்டிருக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகிறவன் அதைப் படிக்கலாம். உங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. 'வணக்கம்' என்று ஒரு வரி அச்சிட அரை டஜன் மந்திரச் சொற்களை முன்னாலும் பின்னாலும் போட வேண்டும். கேட்டால் "அது அப்புறம் புரியும், இப்போதைக்கு அப்படியே எழுது" என்பார்கள். சமீபத்திய ஜாவாவில் அதைச் சுருக்கிவிட்டார்கள். ஆனாலும் நீங்கள் பார்க்கப்போகும் வீடியோக்களில் பெரும்பாலும் பழைய வழக்கம்தான் இருக்கும்.

பயிற்சி நிலையம் சொல்லும் ஃபுல் ஸ்டேக் என்பதன் பாதி ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாவுக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. அன்றைக்கு ஜாவாவுக்கு இருந்த மவுசில் ஒட்டிக்கொண்ட பெயர். இணையப் பக்கம் செய்யத்தான் ஆசை என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் தயங்காமல் இதைச் சொல்லியிருப்பேன், பிரவுசர் தவிர வேறெதுவும் தேவையில்லை. ஆனால் நாலு பக்கக் கடிதத்தில் இணையப் பக்கம் என்ற சொல்லே வரவில்லை. எக்ஸெல் என்ற சொல் பதினோரு முறை வருகிறது. எண்ணிப் பார்த்தேன்.

அதனால் என் யோசனை பைத்தான். கைடோ வான் ராசம் என்ற நெதர்லாந்துக்காரர் 1991-இல் வெளியிட்டது. அதற்கு முன் அவர் ஏபிசி என்ற மொழிக் குழுவில் வேலை பார்த்தார். கணினித் துறையைச் சேராதவர்களும் எழுத வேண்டும் என்பதற்காகச் செய்த மொழி அது. அந்த வாசனை பைத்தானில் இன்னும் இருக்கிறது. முழு எண்ணுக்கு இதில் 16 பிட் பெட்டியெல்லாம் கிடையாது. கோடி கோடியாகப் போட்டாலும் கொள்ளும். எக்ஸெல் கோப்பைத் திறந்து படித்து, வேலையை முடித்து, திரும்ப எக்ஸெல்லாகவே எழுதி வைக்கும் வசதி இலவசமாகக் கிடைக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு இன்னொரு மைனஸ் 20,536 வந்து நீங்கள் மூடி வைக்கக் கூடாது. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 0.30000000000000004 என்று வரும். பத்தில் ஒன்றை இரண்டடிமானத்தில் (0, 1 மட்டும் வைத்து எழுதும் கணினிக் கணக்கில்) முழுசாக எழுத முடியாது என்பதால் வரும் பிசிறு இது. எக்ஸெல்லுக்குள்ளும் இருக்கிறது, அது காட்டாமல் மறைத்துக்கொள்கிறது. கணக்குக்காரர்களுக்குத் தீர்வு எளிது: தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அதற்கென்றே இருக்கும் 'டெசிமல்' என்பதைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கு இதில் அர்த்தம் உண்டு. ஓர் இடம் தள்ளிப்போனாலும் திட்டும். மூன்றாவது, யூடியூபில் 'பிரிண்ட்' என்பதற்குப் பிறகு அடைப்புக்குறி போடாமல் ஒருவர் எழுதினால் உடனே மூடிவிடுங்கள். அது பைத்தான் 2. அதற்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு காரியம் முடிந்தது.

நீங்கள் கேட்காத இரண்டு மொழிகளும் உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. எக்ஸெல்லுக்குள் இருக்கும் விபிஏ, டாலிக்குள் இருக்கும் டிடிஎல். டாலியை நிறுவனத்துக்கு நிறுவனம் மாற்றி அமைத்துக் கொடுப்பதை டிடிஎல் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் தொழிலாகவே செய்கிறார்கள். கரூர், திருப்பூர், ஈரோடு மாதிரி இடங்களில் அதை நான் இளப்பமாகப் பார்க்க மாட்டேன். ஆனால் டாலிக்கு வெளியே அது செல்லாது. முதல் மொழிக்கு வேண்டாம்; ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம்.

14-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவில்

மாதாமாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 2பி (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) வந்ததும், அதையும் டாலியில் உள்ள கொள்முதல் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். 20-ஆம் தேதி 3பி என்ற மாத ரிட்டர்ன் போட வேண்டும். 2பி-யில் வராத பில்லுக்கு 2022 ஜனவரி முதல் உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்பதால் ஒரு பில்லைக்கூட விட முடியாது. எக்ஸெல்லில் தேடிப் பொருத்தும் வி-லுக்கப் போட்டாலும் பாதிக்கு மேல் பொருந்துவதில்லை, கடைசியில் கண்ணால்தான் தேடுகிறேன் என்கிறீர்கள். இந்தப் பத்தியைப் படித்ததும்தான் உங்கள் முதல் ப்ரோகிராம் எது என்று எனக்கு முடிவானது.

ஏன் பொருந்துவதில்லை? நூல் சப்ளையர் பில்லில் 'எஸ்எம்/045/25-26' என்று இருக்கும். உங்கள் ஆபீஸில் பதிவு போட்டவர் டாலியில் '45' என்று போட்டிருப்பார். இன்னொருவர் 'எஸ்எம்-045' என்று போட்டிருப்பார். மூன்றும் ஒரே பில் என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். வி-லுக்கப்புக்கு மூன்றும் வேறு வேறு. உங்கள் கண் என்ன செய்கிறது என்பதை, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒரு தாளில் எழுதுங்கள்:

2பி-யில் இருந்து ஒரு பில்லை எடு.
அதே ஜிஎஸ்டி எண் உள்ள பில்களை மட்டும் டாலிப் பட்டியலில் தேடு.
தொகை ஒரு ரூபாய்க்குள் ஒத்துப்போகிறதா பார்.
பில் எண்ணில் உள்ள சாய்கோடு, சிறுகோடு, முன்னால் உள்ள பூஜ்யம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒப்பிடு.
பொருந்தினால் பச்சை. தொகை மட்டும் பொருந்தினால் மஞ்சள், நானே பார்க்கிறேன். எதுவும் இல்லையென்றால் சிவப்பு.

இந்த ஐந்து வரிதான் ப்ரோகிராம். இதைப் பைத்தானில் சொல்வது மொழிபெயர்ப்பு வேலை, கற்றால் வந்துவிடும். கஷ்டம் இருப்பது நாலாவது வரியில். சாய்கோட்டை எல்லாம் எடுத்துவிட்டு எண்களை மட்டும் வைத்தால் '045/25-26' என்பது '0452526' ஆகிவிடும், '45'-உடன் சேராது. சரி, நிதியாண்டை வெட்டிவிடலாம் என்றால், நிதியாண்டே போடாத சப்ளையரின் 26-ஆம் நம்பர் பில்லையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது. இதை யோசிக்க சி தெரிந்தவரைவிட, ஆறு வருடம் பில் பார்த்தவருக்குத்தான் வசதி அதிகம். கணிதத்தில் வீக் என்று எழுதியிருக்கிறீர்களே, இதற்குத் தேவையான கணிதம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது.

முதல் நாளே இதில் இறங்க வேண்டாம். முதலில் ஒரு மாதம் மாறிகள் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்கள்), நிபந்தனை, சுற்று, பட்டியல் மட்டும். வாரம் ஐந்து நாள், முக்கால் மணி நேரம் போதும்; மூன்று மணி நேரம் உட்காரும் ஞாயிற்றுக்கிழமைத் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் படுத்துவிடும். உங்கள் 4 ஜிபி லேப்டாப் தாராளமாகப் போதும். 'தானி' என்று ஆரம்பக்காரர்களுக்கான எளிய எடிட்டர் ஒன்று இருக்கிறது. எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். ப்ரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டி, எந்த மாறியில் இப்போது என்ன இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். டர்போ சி-யில் உங்களுக்குக் கிடைக்காதது இந்தக் காட்சிதான்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனியின் கோப்பை வீட்டு லேப்டாப்புக்கு எடுத்துப் போவதற்கு முன் மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள். சப்ளையர் பெயர், ஜிஎஸ்டி எண் எல்லாம் உங்கள் சொத்து இல்லை. கூகுள் கோலாப் மாதிரி இணையத்தில் ஓடும் கருவியிலோ, ஏஐ பெட்டியிலோ அந்தக் கோப்பை ஏற்றவே ஏற்றாதீர்கள். பழகுவதற்குப் பொய்ப் பெயர், பொய் எண் போட்ட இருபது வரி எக்ஸெல் ஒன்றைச் செய்துகொண்டால் ஆயிற்று.

தமிழ் வழிப் படிப்பு பற்றி

பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் 35. எக்ஸெல்லில் நீங்கள் தினமும் போடும் 'இஃப்', 'அண்ட்', 'ஆர்' அதில் மூன்று. மீதியை ஒரு வாரத்தில் பழகலாம். மாறிகளுக்குப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். கீழே இருப்பது அப்படியே ஓடும்:

நூல் = 42000
வரி = நூல் * 5 / 100
மொத்தம் = நூல் + வரி

தொடக்கத்தில் இப்படி எழுதிப் பழகுங்கள், தப்பே இல்லை. வேறொருவர் படிக்கும் நிலை வரும்போது ஆங்கிலப் பெயருக்கு மாறிக்கொள்ளலாம். கட்டளைகளே தமிழில் இருக்கும் 'எழில்' என்ற மொழியும் உண்டு. உங்கள் மகன் கொஞ்சம் பெரியவனானதும் காட்டுங்கள். உங்கள் காரியத்துக்கு அது போதாது.

ஆங்கிலம் உண்மையில் இடிக்கும் இடம் பிழைச் செய்தி. சிவப்பாக எட்டு வரி வந்து விழும்போது பயப்படாமல் கடைசி வரியை மட்டும் முதலில் படியுங்கள். என்ன தப்பு என்பது அங்கே இருக்கும். எந்த வரியில் என்பது அதற்குக் கொஞ்சம் மேலே. ஒரு நோட்டில் அந்தக் கடைசி வரியையும், உங்களுக்குப் புரிந்த அர்த்தத்தைத் தமிழிலும் எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள். என் அனுபவத்தில் இருபது செய்திகளுக்கு மேல் புதிதாக வருவது குறைந்துவிடும்.

பாடத்துக்கு ஐஐடி பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தமிழ்க் குரலிலேயே இருக்கிறது, இலவசம். கணியம் அறக்கட்டளை எளிய தமிழில் இலவச மின்னூல்கள் வெளியிடுகிறது. அது முடிந்து இன்னும் பசி இருந்தால் ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெலில் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம். கொஞ்சம் கடினம், ஆங்கிலம், ஆனால் தரம். கேட்க இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம்.

60,000 ரூபாயும் ராஜினாமாக் கடிதமும்

இந்த இடத்தில் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. வேலையை இப்போது விடாதீர்கள்.

சான்றிதழ் இருந்தால் ஐ.டி. வேலை என்ற நினைப்பு உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களைப் பெரும்பாலும் கல்லூரி வளாகத்திலிருந்தே எடுக்கின்றன; வெளியே நடத்தும் தேர்வுகளிலும் எந்த ஆண்டு படிப்பை முடித்தவர் என்ற வரம்பு இருக்கும். ஆறு வருடம் முன்பு பி.காம். முடித்தவர், ஆறு மாதச் சான்றிதழோடு, 22 வயதுப் பையன்களின் வரிசையில் போய் நிற்பது உங்களுக்குச் சாதகமான ஆட்டம் இல்லை. உங்கள் கணக்கு அனுபவத்துக்கு விலை கொடுக்கும் இடம் வேறு: கணக்கு மென்பொருள் செய்கிறவர்கள், ஈஆர்பி (நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் மென்பொருள்) நிறுவித் தருகிறவர்கள், ஆடிட் நிறுவனங்களின் டேட்டா வேலை. அங்கே 2பி என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பைத்தானோடு, தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லும் கொஞ்சம் தெரிந்தால் அந்தக் கதவுகளைத் தட்டலாம். ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். ஆறு மாதம் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

தவணை என்று அவர்கள் சொல்வதை விசாரியுங்கள். பல இடங்களில் அது பயிற்சி நிலையத்துக்கு நீங்கள் தரும் தவணையாக இருக்காது. உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். பணம் மொத்தமாக நிலையத்துக்குப் போய்விடும். இரண்டாவது மாதம் வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் கடன் நிற்காது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். நாளைக்குத் தறிக்குக் கடன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஆன்லைனில் தரும் கடனுக்கு, மொத்த வட்டியும் கட்டணமும் ஒரே தாளில் தெரியும்படி 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' தர வேண்டும், வேண்டாம் என்று திரும்பிக் கொடுக்கக் குறுகிய கால அவகாசமும் தர வேண்டும் என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. ஓடிபி சொல்வதற்கு முன் அந்தத் தாளைக் கேளுங்கள்.

'நூறு சதவீத வேலை உறுதி' என்பதை அப்படியே, எந்தச் சம்பளத்துக்கு, எத்தனை மாதத்துக்குள், கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை, ஆனாலும் இவ்வளவு தெரியும்: தவறான விளம்பரத்துக்கு எதிராக 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயிற்சி மையங்கள் வேலை உறுதி என்றெல்லாம் பொய்யாக விளம்பரம் செய்வதைத் தடுத்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதலும் வெளியிட்டது. புகாருக்கு 1915. ஒரிஜினல் மார்க் ஷீட்டை எந்தக் காரணத்துக்கும் யாரிடமும் கொடுக்காதீர்கள். 'செக்யூரிட்டிக்கு' என்று கேட்கிற இடத்திலிருந்து அப்போதே எழுந்து வந்துவிடலாம்.

எல்லாப் பயிற்சி நிலையமும் ஏமாற்று என்று சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து படிக்க வராது, ஆள் பக்கத்தில் இருந்தால்தான் வரும் என்பவர்கள் உண்டு. மூன்று மாதம் இலவசப் பாடத்தோடு முட்டிப் பார்த்தபின் அப்படித் தோன்றினால், மாலை நேரத்தில் பைத்தான் மட்டும் சொல்லித்தரும் சின்ன வகுப்பில் சேருங்கள். அதற்குள் யார் தெரிந்து சொல்லித்தருகிறார், யார் ஸ்லைடைப் படிக்கிறார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஏஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே உள்ள ஐந்து வரியை ஏஐயிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பைத்தானில் எழுதித் தந்துவிடும், உண்மைதான். அந்த 26-ஆம் நம்பர் பில்லையும் சேர்த்து வெட்டிவிட்டு, எல்லாம் பச்சை என்று தந்தாலும் தரும். அந்தப் பச்சையை நம்பி 3பி போட்டு, பின்னால் நோட்டீஸ் வந்தால் பதில் எழுதப்போவது நீங்கள்தானே. அது எழுதியதைப் படித்து 'இந்த வரியில் தப்பு' என்று சொல்லும் அளவுக்காவது நமக்குத் தெரிய வேண்டும். முதல் மூன்று மாதம் அதை வாத்தியாராக வைத்துக்கொள்ளுங்கள்: "இந்தப் பிழைச் செய்திக்கு என்ன அர்த்தம், தமிழில் சொல்" என்று கேளுங்கள். "எழுதிக் கொடு" என்று கேட்காதீர்கள். பையனின் வீட்டுப்பாடத்தை நாம் எழுதிக் கொடுப்பதில்லை இல்லையா, அந்த மாதிரி.

டர்போ சி-யை இன்றைக்கே நீக்கிவிடுங்கள், இடமாவது மிஞ்சும். தானியைப் போட்டு, முதல் வேலையாகச் சம்பளம் 45,000 என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து வரும் 14-ஆம் தேதி, 2பி ஒப்பிடும்போது பொருந்தாமல் நின்ற பில் எண்களை மட்டும், சப்ளையர் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லாமல், எனக்கு எழுதுங்கள். அந்த '25-26' சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.